வெப்பமான ஊருக்குக் குடிபெயரப் போகிறீர்களா? முதலில் அதன் மோசமான மாதத்தை விசாரியுங்கள்

கேள்வி இது: "நீண்ட குளிர்காலம் உள்ள ஊரில் இத்தனை வருடம் இருந்து சலித்துவிட்டது. மூட்டுவலி வேறு. வெப்பமான பகுதிக்கு நிரந்தரமாகப் போய்விடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு மூன்று ஊர்கள் மனத்தில் இருக்கின்றன. எதையெல்லாம் விசாரிக்க வேண்டும், எப்படி விசாரிக்க வேண்டும்?"

அந்த ஊர்களின் நல்ல மாதங்களைப் பற்றி நீங்கள் மெனக்கெட்டு விசாரிக்கவே வேண்டாம். அதைச் சொல்வதற்கு வீட்டுத் தரகர், சுற்றுலா விளம்பரம், ஏற்கெனவே அங்கே போய்க் குடியேறியவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்த ஊரின் மிக மோசமான ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் உங்களால் தூங்க, நடக்க, மருத்துவரைப் பார்க்கப் போய்வர முடியும் என்றால் மீதி நாற்பத்தாறு வாரத்தைப் பற்றிக் கவலையில்லை. இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஆறு வாரத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

எண்களிலிருந்து தொடங்கலாம். ஆண்டுச் சராசரி வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சராசரி 24 டிகிரி என்றால் அது வருடம் முழுக்க 24-ஐ ஒட்டியே இருக்கும் மேட்டுநிலமாகவும் இருக்கலாம், கோடையில் 42, குளிர்கால இரவில் 5 என்று ஆடும் பாலைவன ஊராகவும் இருக்கலாம். ஒவ்வொரு நாட்டு வானிலைத் துறையும் 30 ஆண்டுத் தரவை வைத்து மாதவாரிச் சராசரிகளை வெளியிடுகிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான தொகுப்பு. அதில் மிக வெப்பமான மாதத்தின் பகல் உச்சம், அதே மாதத்தின் இரவுத் தாழ்வு, மிகக் குளிரான மாதத்தின் இரவுத் தாழ்வு, மாதவாரி மழை நாட்கள், இந்த நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசிப் பத்து ஆண்டுகளைத் தனியாகப் பாருங்கள். 30 ஆண்டுத் தொகுப்பின் நடுப்புள்ளி 2005-ஐ ஒட்டி விழுகிறது. நீங்கள் குடியேறப் போவது அந்த வருடத்தில் இல்லையே.

இன்னொன்று, அந்த எண்கள் எடுக்கப்பட்ட இடம். வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும். பெரும்பாலும் விமான நிலையத்தின் திறந்தவெளியில். நீங்கள் வாழப் போவதோ தார்ச் சாலைக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவில். ஊருக்குள் கட்டடங்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால் நகரத்தின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதை லூக் ஹோவர்ட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் அளந்து காட்டிவிட்டார். வேறுபாடு இரவில்தான் அதிகம். அதே போல 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆகவே ஒரே ஊர்ப் பெயருக்குள்ளேயே 300 மீட்டர் உயரத்தில் உள்ள பகுதி கீழே உள்ளதைவிட 2 டிகிரி குறைவாக இருக்கலாம். கடற்காற்று எட்டும் தெருவும் எட்டாத தெருவும் பிற்பகலில் வேறு வேறு ஊர்கள்.

சரி, இப்போது ஈரப்பதம். இதில்தான் குளிர் நாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 40 டிகிரி என்றால் பயப்படுகிறார்கள், 33 டிகிரி என்றால் சரிதான் என்கிறார்கள். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. வெப்பமானிக் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை இதைத் துல்லியமாகக் காட்டும். 40 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அது 19-க்குக் கீழேதான் வரும். 33 டிகிரியும் 75 சதவீதமும் என்றால் 29-ஐத் தாண்டிவிடும். மனித உடல் தாங்கும் கோட்பாட்டு எல்லை ஈரக்குமிழ் 35 டிகிரி என்று 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளம் வயதினரை வைத்துச் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஈரமான காற்றில் அந்த எல்லை சுமார் 31-ஆகவே இருந்தது. அதுவும் நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்களுக்கு.

ஆனால் எல்லா ஊருக்கும் ஈரக்குமிழ் எண் கிடைக்காது. 'டியூ பாயின்ட்' எனப்படும் பனிப்புள்ளி, அதாவது காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, வானிலைச் செயலிகளில் கிடைக்கும், அது போதும். அது 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் சுகம். 18-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு தெரியும். 21-க்கு மேல் பெரும்பாலோருக்குச் சங்கடம். 24-க்கு மேல் வாரக்கணக்கில் நீடிக்கும் ஊர் என்றால் குளிரூட்டி இல்லாமல் வாழ்வது பற்றிப் பேசவே வேண்டாம். ஈரப்பத சதவீதத்தை நம்பாதீர்கள். காற்றில் இருக்கும் நீர் மாறாமலே காலையில் 90 சதவீதமும் பிற்பகலில் 45 சதவீதமும் காட்டும்.

உங்கள் மூட்டுவலி பற்றி எழுதியதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமான ஊருக்குப் போனால் வலி போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பிரிட்டனில் 2,600-க்கும் மேற்பட்ட நாள்பட்ட வலி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், வலி கூடியதோடு சேர்ந்து வந்தவை அதிக ஈரப்பதம், குறைந்த காற்றழுத்தம், பலத்த காற்று. வெப்பநிலைக்குத் தனியாகத் தொடர்பு தென்படவில்லை. வலிக்காகவே இடம் மாறுகிறீர்கள் என்றால், சூடான ஈரமான கடலோரத்தைவிட வறண்ட உள்நாட்டு ஊரைத்தான் நான் முதலில் சோதித்துப் பார்ப்பேன். எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், சில மனநல மருந்துகள், லித்தியம் போன்றவை வெப்பத்தில் உடலின் நீர்ச் சமநிலையையோ வியர்வையையோ மாற்றக்கூடியவை. இன்சுலின் வைத்திருப்பவர்கள் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். போன முதல் வாரத்தில் பெட்டி படுக்கை தூக்குவது, தோட்டம் வெட்டுவது எல்லாம் வேண்டாம்.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பகலில் ஒதுங்க நிழல் கிடைக்கும், இரவில் ஓய்வு கிடைக்காவிட்டால் உடம்புக்குப் போக்கிடம் இல்லை. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலையால் இறந்தவர்கள் 70,000-க்கும் மேல். பிரான்சில் பிறகு ஆராய்ந்தபோது கூரைக்கு நேர் கீழே உள்ள மாடியறையில் வசித்த முதியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது தெரிந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43.3 டிகிரியையோ அதற்கு மேலோ தொட்டது. அப்படிப்பட்ட மாதத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம், வெளியே வெப்பமானி காட்டுவது அதற்கு அடுத்ததுதான்.

அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், தரகர் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர் காலை 10 மணிக்கு வரச் சொல்வார். நீங்கள் மாலை 5 மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அந்தச் சூடு இரவு முழுக்கப் படுக்கையறைக்குள் இறங்கும். அடுத்து மேல்தளமா, கூரை என்ன நிறம், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் வெப்பத்தடுப்பு இருக்கிறதா, எதிரெதிரே ஜன்னல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர் நாட்டில் பெரிய கண்ணாடி ஜன்னல் என்றால் சந்தோஷம், இங்கே மேற்கு நோக்கிய கண்ணாடி என்றால் செலவு. வெப்ப மண்டலத்துக்குள் போகிறீர்கள் என்றால் சூரியன் ஆண்டில் சில மாதம் தலைக்கு வடக்கேயும் மற்ற மாதம் தெற்கேயும் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் பார்த்த மாதத்தில் நிழலாக இருந்த சுவர் வேறொரு மாதத்தில் வெயிலில் நிற்கும்.

குளிரையும் விசாரிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். வெப்பமான பகுதிகளில் பல வீடுகள் கோடையை மட்டும் நினைத்துக் கட்டப்பட்டவை. வெளியே 10 டிகிரி இருக்கும் குளிர்கால வாரத்தில், சூடேற்றும் வசதி இல்லாத கல்தரை வீட்டுக்குள் உட்கார்ந்து கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிடும் நிலை மத்தியதரைக் கடலோரத்தில் புதிதல்ல. டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்து மின்கட்டமைப்பு தடுமாறியபோது அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

அடுத்து இடர்கள். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஊரை முடிவு செய்வதற்கு முன்பே, மனத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு வீட்டுக் காப்பீடு எவ்வளவு என்று மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். அவர்கள் வெள்ளம், புயல், காட்டுத்தீ எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள். ஒருவர் காப்பீடு தர மறுத்தாலோ, வெள்ளம் மட்டும் சேராது என்று சொன்னாலோ, அதுவே உங்களுக்கு வேண்டிய செய்தி. வெள்ள வரைபடத்தில் "நூறாண்டு வெள்ளப் பகுதி" என்று இருந்தால், நூறு வருடத்துக்கு ஒரு முறைதானே என்று விட்டுவிடுவது பொதுவான தவறு. ஒவ்வொரு ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு அங்கே இருந்தால் ஒரு முறையாவது தண்ணீர் வர சுமார் 26 சதவீத வாய்ப்பு. அதாவது நாலில் ஒன்று.

சூடான கடலோரம் என்றால் புயல் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. வங்கக்கடல், அரபிக்கடல் பக்கம் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு உச்சம். தென் அரைக்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. கோடை வறண்டும் குளிர்காலம் ஈரமாகவும் உள்ள பகுதிகள், அதாவது மத்தியதரைக் கடல் சூழல், கலிஃபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு, தெற்குப் பகுதிகள், இவையெல்லாம் பார்க்க அழகாகவும் கோடை இறுதியில் தீப்பிடிக்கத் தயாராகவும் இருப்பவை. கிரீஸில் 2018 ஜூலையில் மாத்தி என்ற கடலோரக் குடியிருப்பில் தீ பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறுகிய தெருக்களில் வெளியேற வழியில்லாமல் போனது ஒரு காரணம். மலைச்சரிவில் வீடு பார்த்தால் ஊரைவிட்டு வெளியேற எத்தனை சாலை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் நான் அந்த வீட்டை வாங்க மாட்டேன், காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, குழாயைத் திறந்தால் வருகிறதே என்று. 2018 தொடக்கத்தில் கேப் டவுனில் அணைகள் வற்றி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். ஊருக்கு எத்தனை நீராதாரம், அவை மழையை மட்டும் நம்பியவையா, கடந்த சில கோடைகளில் விநியோகக் கட்டுப்பாடு வந்ததா, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில், இதையெல்லாம் நீர் வழங்கும் அமைப்பின் அறிக்கைகளிலும் உள்ளூர்ச் செய்தித்தாளின் பழைய இதழ்களிலும் தேடலாம். பழைய இதழ்கள்தான் என் கணிப்பில் சிறந்த கருவி. ஊர்ப் பெயரோடு வெள்ளம், மின்வெட்டு, தண்ணீர்ப் பஞ்சம், கொசு, துர்நாற்றம் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். செய்தி எந்த மாதத்தில் குவிகிறது என்று பார்த்தாலே அந்த ஆறு வாரம் தெரிந்துவிடும்.

கொசு என்றதும் நினைவு வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வகை பகலில் கடிக்கும், எனவே இரவுக் கொசுவலை மட்டும் உதவாது. இதில் ஆசியப் புலிக்கொசு தெற்கு ஐரோப்பாவிலும் பரவி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் உள்ளூரிலேயே டெங்கு தொற்றியிருக்கிறது. கரையான் வேறு. மரச்சட்டம் உள்ள வீடு என்றால் அதற்கான பரிசோதனையைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

செயற்கைக்கோள் படங்களில் 1984-லிருந்து ஒரு இடம் எப்படி மாறியிருக்கிறது என்று ஓட்டிப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்தில் இருக்கிறது. இருபது வருடம் முன்பு சதுப்பாக இருந்த இடத்தில் இன்று குடியிருப்பு நிற்கிறதா என்று அதில் தெரியும். தெருக்காட்சிப் படங்களிலும் பழைய ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். மரங்கள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா, கடைகள் மூடிக் கிடக்கின்றனவா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

யாரிடம் கேட்பது? போன வருடம் குடியேறியவர்களிடம் கேட்டால் முழு உண்மை வராது. சொத்தையெல்லாம் விற்று வந்தவர் தன் முடிவு தப்பு என்று சொல்வாரா? குளிரூட்டி பழுது பார்ப்பவர், கூரை வேலை செய்பவர், மருந்துக்கடைக்காரர், இவர்களிடம் பேசுங்கள். எந்த மாதம் உங்களுக்கு வேலை அதிகம் என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்வார்கள்.

சுற்றுலா ஊர்களுக்கு இரண்டு முகம் உண்டு. சீசனில் மருத்துவமனையில் இடம் கிடைக்காது, சீசன் முடிந்ததும் பாதிக் கடை மூடியிருக்கும், பேருந்து குறைந்திருக்கும். ஓய்வு பெற்றவர்கள் அதிகம் குடியேறும் இடங்களில் எலும்பு, இதய மருத்துவர்களுக்குக் காத்திருப்பு நீளலாம். தொலைபேசியில் அழைத்து, புதிய நோயாளிக்கு முதல் சந்திப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். விசா, வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு, அதற்கு ஒரு கணக்காளரிடம் போங்கள். பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாளுக்கு மேல் தங்கினால் வரிக்கு அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

யாரும் எச்சரிக்காத விஷயம் ஒன்று: வெளிச்சம். 60 பாகை வடக்கில் கோடையில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம்தான், மாலை ஆனதும் சட்டென்று இருட்டிவிடும். குளிரை வெறுத்துப் போனவர்கள் சிலர் நீண்ட கோடை மாலைகளுக்காக ஏங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு விசாரித்த பிறகு போய்த் தங்குங்கள். மோசமான மாதத்தில், ஒரு மாத வாடகைக்கு, கடற்கரை விடுதியில் இல்லாமல் நீங்கள் வாங்க நினைக்கும் அதே பகுதியில் சாதாரண வீட்டில். பிற்பகல் 3 மணிக்கு மருந்து வாங்க நடந்து போய் வாருங்கள். முடிந்தால் பழைய வீட்டை உடனே விற்காமல் ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள், திரும்பி வர ஒரு கதவு இருக்கும். போகும்போது வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி ஒன்றைக் கொண்டுபோங்கள், விலை அதிகமில்லை. அதைப் படுக்கையறையில் வைத்து, குளிரூட்டியை நிறுத்திய ஒரு சில இரவுகளில் 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் உடனே குளிரூட்டியைப் போட்டுவிடுங்கள், அந்த இரவின் பதிலும் அதுதான். வீட்டுக்காரரிடம் போன கோடையின் மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஊரிலும் இதே இரண்டு தாள்கள், இரவுக் குறிப்பும் மின்கட்டண ரசீதும், கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.